நாய்க்குட்டி விசாரம்

பெங்களூரு வைட்ஃபீல்டில் கட்டில் வாடகைக்குத் தங்கிப் பொறியியல் பயிலும் நம் தமிழ்நாட்டு வாலிபர்களுள், இரண்டாம் ஆண்டின் மத்தியில் படிப்பில் வைராக்கியமும் பிராணிகளிடத்தில் காருண்யமும் ஏககாலத்தில் உதயமாகி, நாய்க்குட்டி வளர்க்கலாமா வேண்டாமா என்னும் விசாரத்தில் மூழ்கிவிடுகிற ஒரு வகையினர் உண்டு. அத்தகைய ஒருவர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, 'வாங்கலாம்' என்பதன் கீழ்ப் பதினோரு காரணங்களும், 'வேண்டாம்' என்பதன் கீழ் 'ஓனர் ஆண்ட்டி' என்ற ஒரே காரணமும் எழுதி வைத்திருப்பார். பெயர் மட்டும் முன்பே நிச்சயமாகிவிட்டது: புரூனோ.

சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, மூன்று கட்டிலும் ஒரு மின்விசிறியும் உள்ள மூன்றாம் மாடி அறையில் வளர்ப்பதே அவருடைய சங்கற்பம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம்மூர் நாய்கள்தாமே என்று யாரேனும் பிரஸ்தாபித்தால், "நல்ல நாய்தாண்ணா, ஆனா ரீல்ஸ்ல எடுபடாது" என்பார். மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1882-இல் ஆங்கிலோ-இந்தியர்கள் பயிர்செய்து பிழைக்க வைட்ஃபீல்டில் நிலம் வழங்கிய காலத்தில் ஹஸ்கி ஓடுவதற்கும் இடம் இருந்திருக்கும். இன்று மாடிப்படிச் சுவரில், கீசர் போடும் நேரத்துக்கு அடுத்த வரியிலேயே, 'செல்லப்பிராணிகள் கூடாது' என்று ஒட்டியிருக்கிறது.

அறைத்தோழர் இருவரும் செலவில் பங்கு தருவதாக வாக்களித்துவிட்டனர். காலை பத்து மணிக்குமுன் கண் விழித்தறியாத ஒருவர், விடியற்காலையில் குட்டியை வெளியே அழைத்துச் செல்லும் கைங்கரியத்தைத் தாமாகவே ஏற்றிருக்கிறார். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று நாய் விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எட்டு வாரக் குட்டியோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. பார்வோ நோய்க்கு அஞ்சி, தடுப்பூசிகள் முடியும்வரை அதைத் தெருவில் விடவும் முடியாது. பல்கலைக்கழகம் 85 சதவிகித வருகையோடு திருப்தி அடைகிறது. குட்டி நூறு கேட்கும், மருத்துவச் சான்றிதழையும் ஏற்காது.

இவ்வளவு ஆலோசனைக்கும் பிறகு சேலத்துக்குத் தொலைபேசி போகும்.

"அம்மா, ஒரு நாய்க்குட்டி வளர்க்கலாம்னு இருக்கேன்."

"மொதல்ல போன மாசம் கொண்டுபோன பெட்ஷீட்டத் தொவச்சியாடா?"

உரையாடல் அத்துடன் முடியும், விசாரம் முடியாது. அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. இரவு பத்து மணிக்குத் தெருமுனைக் கடையில் அவர் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதெல்லாம் ஒரு பழுப்பு நிறத் தெருநாய் எங்கிருந்தோ வந்து காலடியில் உட்காரும். பாதிப் பரோட்டா அதற்குத்தான். ஒரு நாயை ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது, அந்த நாய்க்குத் தெரிந்த அளவு, அவருக்குத் தெரியாது.

சேலம், தருமபுரி, வேலூர் வட்டாரத்துத் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: பொறியியல் படிப்பு நான்கு ஆண்டு, நாயின் ஆயுள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு. செமஸ்டர் விடுமுறைக்கு வரும் பிள்ளையின் கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி இருக்குமானால், மிச்சக் கணக்கு தங்கள் திண்ணையில்தான் தீரும். கால்மிதியையும் செருப்புகளையும் இப்போதே எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள்.