ஆஸ்பத்திரிச் சித்தப்பா

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய், டாக்டர் "அட்மிட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டால், முதல் போன் சித்தப்பாவுக்குத்தான் போகும். மகன், மருமகள், துபாயில் இருக்கும் மாப்பிள்ளை எல்லாம் அப்புறம். சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எந்த வார்டு?" என்ன வியாதி, பேச்சு மூச்சு இருக்கிறதா என்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை நேரில் வந்து பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள்.

மற்ற நாட்களில் அவருக்கு என்ன மரியாதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண வீட்டில் சித்தப்பாவுக்கு ஒதுக்கப்படும் பதவி ஸ்டோர் ரூம் சாவி. தேங்காய் எத்தனை செலவு, வாழை இலை எத்தனை கட்டு மிச்சம் என்று கணக்குச் சொல்வார். போட்டோவுக்கு நிற்க அவரை யாரும் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பூர்வீக நிலத்தை விற்றபோது அவரிடம் கையெழுத்து வாங்கினார்களே தவிர, கருத்துக் கேட்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவர். மில்லில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவர். அவருடைய அண்ணன், அதாவது என் அப்பா, தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தம்பியின் அந்தக் கணக்குப் பேப்பரை ஐம்பது வருஷமாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்.

சித்தப்பா இதற்கெல்லாம் அசைபவர் இல்லை. "மதுரை மெடிக்கல் காலேஜ் 1954-ல ஆரம்பிச்சாங்க. நானும் 1954. ரெண்டு பேரும் ஒரே செட்டு. அது ஊரையே படிக்க வச்சுச்சு, நான் படிக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். பனகல் சாலையில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையை இன்றைக்கும் 'எர்ஸ்கின்' என்றுதான் சொல்வார். சின்ன வயதில் டான்சில்ஸுக்குப் படுத்த ஆஸ்பத்திரியின் பெயரை மாற்ற எந்த அரசாணைக்கும் அதிகாரமில்லை என்பது அவர் கட்சி.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். சில வீடுகளில் தாய்மாமன், சில வீடுகளில் கல்யாணம் செய்துகொள்ளாத அத்தை. 'துணைக்கு இருக்கிறது' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கேட்க லேசான வார்த்தை. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்து, மேலே படுத்திருப்பவர் புரளும்போதெல்லாம் எழுந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த 'இருக்கிறது' எவ்வளவு பெரிய வினைச்சொல் என்று தெரியும்.

சித்தப்பாவிடம் ஒரு கட்டைப்பை எப்போதும் தயாராக இருக்கும். உள்ளே பாய், லுங்கி, துண்டு, பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர், ஊக்கு, பழைய தினத்தந்தி, அப்புறம் குடும்பத்தில் உள்ள அத்தனை பேருடைய ஆதார் ஜெராக்ஸ். நோயாளிகளுடையது மட்டுமில்லை, நல்லபடியாக நடமாடிக்கொண்டிருப்பவர்களுடையதும் உண்டு. என்னுடையது மூன்று காப்பி வைத்திருக்கிறார் என்று தெரிந்த நாளில் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒயரைப் பதவிசாகச் சுருட்டிவைத்த ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வார்டில் இருக்கும் ஒற்றை பிளக் பாயின்ட்டில் யார் முதலில் செருகுவது என்று ஜனங்கள் முறைத்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பா அதை எடுத்து வைப்பார். அரை மணி நேரத்தில் எட்டுக் குடும்பத்துப் போன்களும் அவர் காவலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். எட்டுக் குடும்பத்துக் கதையும் அவர் காதில் ஏறியிருக்கும்.

சொந்தக்காரர்களை அவர் பங்காளி, சம்பந்தி என்று பிரிப்பதில்லை. ஓ பாசிட்டிவ், பி நெகட்டிவ் என்று பிரித்து ஒரு குட்டி டைரியில் எழுதி வைத்திருக்கிறார். யார் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார்கள் என்ற தேதியும் பக்கத்தில் இருக்கும். ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் இடைவெளி. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. 65 வயது தாண்டினால் பெயரின் மேல் ஒரு கோடு. பெரியப்பா பேத்திக்கு வரன் பார்த்தபோது, பையனுக்குச் சம்பளம் பத்தாது என்று எல்லோரும் இழுத்தார்கள். சித்தப்பா ஒருவர்தான் ஸ்டோர் ரூம் பக்கமிருந்து, "பையன் ஓ நெகட்டிவ். விட்டுறாதீக" என்றார். கல்யாணம் நடந்தது. தனக்கு மட்டும் சித்தப்பா பந்தியில் ஏன் இரண்டாவது அப்பளம் போடச் சொல்கிறார் என்று அந்த மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

காப்பீட்டு அட்டை விஷயத்திலும் அப்படித்தான். 2009-ல் கலைஞர் பெயரில் வந்த திட்டத்திலும் ஆட்களைச் சேர்த்துவிட்டார், 2012-ல் முதலமைச்சர் பெயரில் வந்ததிலும் சேர்த்துவிட்டார். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்பது குடும்பத்திலேயே அவருக்குத்தான் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவுக்கு வயிற்றுவலி. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். நான் கூகுளில் பார்த்தேன். இரண்டுக்கும் கேட்கவில்லை. சித்தப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்து இறங்கினார்.

"தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்சு, வலப்பக்கம் கீழ இறங்குச்சாண்ணே?"

அப்பா அத்தனை வலியிலும் திகைத்துப்போய்த் தலையாட்டினார்.

"குடல்வாலு. 108-ஐக் கூப்பிடு" என்றார் என்னிடம். தனியாரில் பார்க்கலாமே என்று நான் இழுத்தேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருக்கிற டாக்டரு பெரியாஸ்பத்திரியிலதான் இருக்காக. கிளம்பு."

ட்ரிப்ஸ் ஏற்ற ஊசி போட வந்தது ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண். நாலரை வருஷப் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கிற வயது. முகத்தில் இரண்டு ராத்திரித் தூக்கம் பாக்கி. முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. விரல் நடுங்க ஆரம்பித்தது. அப்பா தன் தலைமை ஆசிரியர் குரலை எடுக்க வாயைத் திறந்தார். சித்தப்பா குறுக்கே புகுந்தார்.

"டாக்டரம்மாவுக்கு எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை."

"அட, எங்க அக்காவைக் குடுத்த ஊரு!"

அப்பா சட்டென்று கழுத்தைத் திருப்பினார். "நமக்கு ஏதுடா அக்கா?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் ஊசி ஏறிவிட்டது. "அவ்வளவுதான் பாப்பா, பிளாஸ்திரியை ஒட்டிட்டு ஒரு வாய் டீ குடிச்சுட்டு வா" என்று பிளாஸ்க்கைத் திறந்தார் சித்தப்பா. நரம்பு கிடைக்கும்வரை 'டாக்டரம்மா', கிடைத்த பிறகு 'பாப்பா' என்பது அவர் வைத்திருக்கும் முறை. அந்தப் பெண் நின்றபடியே டீயைக் குடித்தாள். எங்களுக்கு இல்லாத அந்த அக்காவை விசாரித்துவிட்டுப் போனாள்.

விடிந்ததும் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். அப்பாவின் கட்டிலைச் சுற்றி வகுப்பு ஆரம்பமானது. வலி அதிகமாக இருக்கும் இடம் எது, அதற்கு என்ன பெயர் என்று முன்வரிசையில் இருந்த ஒரு பையனைப் பார்த்துக் கேட்டார் பேராசிரியர். பையன் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தான். பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் சித்தப்பா நின்றிருந்தார். ஒரு விரலைத் தன் தொப்புளில் வைத்தார். இன்னொரு விரலை வலது இடுப்பு எலும்பில் வைத்தார். பிறகு எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் தள்ளி வேட்டியின்மேல் ஒரு தட்டுத் தட்டினார். பையன் அதைப் பார்த்து அப்படியே ஒப்பித்தான். பேர்? சித்தப்பா உதட்டை மட்டும் அசைத்தார். "மெக்பர்னி பாயின்ட் சார்!"

கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். எத்தனை பரீட்சை ஹாலில் எத்தனை பிட்டைப் பிடித்தவர்! கண்ணெதிரே ஒரு மருத்துவ மாணவன் காப்பி அடிக்கிறான், அடிக்க வைப்பது கணக்கில் பெயிலான தன் தம்பி. வலி ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம். கண்ணை மூடிக்கொண்டார்.

பேராசிரியர் மெல்லத் திரும்பினார். "நீங்க யாரு?"

"துணைக்கு இருக்கேன் சார்."

"எத்தனை வருஷமா?"

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை; கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை. "இந்தக் கேசுக்கு நேத்து ராத்திரியிலிருந்து சார். மொத்தமாப் பாத்தா முப்பத்தெட்டு வருஷம்."

அன்றே ஆபரேஷன் முடிந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை ஆட்சி மாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். "ஒரு வாய் தண்ணி குடுடா" என்று அப்பா கேட்பார். "காத்து பிரிஞ்சுச்சாண்ணே?" என்று சித்தப்பா கேட்பார். வயிற்றில் கத்தி வைத்த பிறகு குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. காலையும் மாலையும் டாக்டர்களும் அதையேதான் கேட்பார்கள். ஆனால் அப்பா வாழ்நாளில் அந்த வார்த்தையை உச்சரித்தவர் இல்லை. மாணவர்கள் முன்னால் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்ட ஆள். இப்போது பக்கத்துக் கட்டில் ஆட்கள் வரை, "என்ன சார், ஏதாச்சும் உண்டா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த சாத்துக்குடியெல்லாம் அதற்குள் வார்டையே ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அந்தச் சுபச்செய்தி வந்தது. சித்தப்பா வராந்தாவுக்கு ஓடி, திருமங்கலத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, "பிரிஞ்சிருச்சு!" என்றார். நாலரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, எடுத்ததும் 'பிரிஞ்சிருச்சு' என்று கேட்டால் ஒரு தங்கச்சி என்ன நினைப்பாள்? அத்தை ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். தெருவே எழுந்துவிட்டது. பிரிந்தது உயிரில்லை, காற்றுதான் என்று புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. மாலை வாங்கப் புறப்பட்ட மாமாவைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் மறிக்க முடிந்தது.

சித்தி மட்டும் இந்தப் புகழுக்கெல்லாம் மயங்க மாட்டாள். பார்க்க வந்தவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "வீட்டுல எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்க மாட்டாரு உங்க சித்தப்பா. சுக்குக் கஷாயம் நானே வச்சுக் குடிச்சுக்கிருவேன். அட்மிஷன் போட்டாத்தான் இந்த மனுசனுக்குக் கண்ணு தெறக்கும்." அதைக் கேட்காததுபோல் சித்தப்பா பதினோராம் நம்பர் தாத்தாவுக்கு முதுகைத் தாங்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். தாத்தா உசிலம்பட்டிப் பக்கம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. காலையில் அம்மா உணவகத்திலிருந்து ஒரு ரூபாய் இட்லி வாங்கும்போது சித்தப்பா கணக்கில் நாலு சேர்த்து வாங்குவதை நான் கவனித்திருந்தேன். சித்தி சொன்னதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே ஆளிடம் எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கார் வைத்துக்கொண்டு போனோம். முன் ஸீட்டில் அப்பா. பின்னால் அம்மா, அத்தை, என் மனைவி. டிக்கி முழுக்கப் பாத்திரம், படுக்கை, ஹார்லிக்ஸ் பாட்டில்கள். சித்தப்பாவுக்கு இடமில்லை என்பது கடைசிக் கதவைச் சாத்திய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. "நீங்க போங்க, நான் பஸ்ஸைப் பிடிச்சு வந்துர்றேன்" என்றார், வழக்கமாக அதுதான் நடக்கும் என்பதுபோல.

நான் வண்டியை எடுத்தேன். "நிறுத்துடா" என்றார் அப்பா. கண்ணாடியை இறக்கினார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பியைப் பார்த்துக் கேட்டார்:

"ஏண்டா, சாயங்காலம் காபி குடிக்கலாமா?"

"டிஸ்சார்ஜ் ஆயிருச்சுண்ணே. இனிமே அண்ணிகிட்டக் கேட்டுக்கங்க."

பஸ் ஸ்டாப் வலப்பக்கம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சித்தப்பா கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்க்கை ஆட்டியபடி மறுபடி வார்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தார். பதினோராம் நம்பருக்கு மறுநாள் காலை ஸ்கேன்.