பூச்செடிக்கு எதுக்குடா அடையாள அட்டை?

வாங்க அட்மின் தொரை, வந்து இந்தத் திண்ணையில உக்காருங்க. பிளேன்டி ஊத்தச் சொல்லவா? பயப்படாதீங்க, எங்க லயத்துல தேத்தண்ணி குடிக்க அட்டை காட்டத் தேவையில்ல.

சரி, பேரன் வயசுப் பய நீ, இனி நீன்னே பேசுறேன். பதுளை, ஹாலிஎல, பசறைப் பக்கத்து ஆளுகளச் சேத்து போன்ல பூச்செடி குரூப் நடத்துறியாமே, பேத்தி சொன்னா. நல்ல காரியம். யாரோ ஒரு புள்ள அந்தூரியம் வேர் அழுகுதுன்னு கேட்டுச்சாம். 'மழைக்குருவி'ன்னு பேர் வச்ச ஒரு ஆளு, தண்ணியக் கொறை, செங்கல் துண்டும் தேங்கா மட்டையும் போட்டு தொட்டிய மாத்துன்னு சொல்லிக் குடுத்துச்சாம். செடி பொழைச்சிருச்சு. உனக்குத்தான் தூக்கம் போச்சு. யார்ரா இந்த மழைக்குருவி? அன்னைக்கு ராத்திரியே உத்தரவு: எல்லாரும் சொந்தப் பேருக்கு மாறணும், அடையாள அட்டைய ரெண்டு பக்கமும் படம் புடிச்சு அனுப்பணும். கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுல கூட அந்தூரியத்துக்கு இவ்வளவு கெடுபிடி கெடையாது தம்பி.

சொந்தப் பேருன்னா எந்தப் பேரு? என் பேரு தோட்டத்துச் செக்ரோல்ல ஒண்ணு, பொறப்புப் பத்திரத்துல வேற ஒண்ணு, அட்டையில மூணாவது. லயத்துல கூப்பிடுறது நாலாவது, அத உன் முன்னால சொல்ல முடியாது. நம்ம சனத்துல இபிஎஃப் காசு வாங்க அலைஞ்ச கெழவன் கெழவி யாரையாச்சும் கேட்டுப் பாரு. ராமசாமியும் ராமையாவும் ஒரே ஆளுதான்னு சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுக்கறதுக்குள்ள செருப்பு தேஞ்சிரும். காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கிறப்ப கிளாக்கர் காதுல என்ன விழுந்துச்சோ அதுதான் பேரு. நீ சரிபாக்கப் போறது எங்க பேரை இல்ல, எவனோ ஒரு கிளாக்கரோட காதை.

காயிதம் கேக்கிறவனக் கண்டா எங்களுக்கு வயித்தக் கலக்கும். 1948ல 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உங்கப்பன் இங்க பொறந்ததக் காட்டு, இல்ல பாட்டனும் பூட்டனும் இங்க பொறந்ததக் காட்டுன்னாங்க. காடழிச்சுத் தேயில நட்டவன் பூட்டனுக்கு எங்க போயி பொறப்புப் பத்திரம் தேடுவான்? காயிதம் இல்லாதவன் நாடே இல்லாதவனாப் போனான். 1964ல நம்ம பிரதமர் சிறிமா அம்மாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கூறு போட்டாங்க: 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இங்க, மிச்சத்தப் பொறவு பாத்துக்குவோம். கடைசி ஆளுக்கும் வழி பொறக்க 2003ல இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்துச்சு. இத்தனைக்கும் அந்த ஆளுக பறிச்ச கொழுந்து எந்த மலைக் கொழுந்துன்னு ஸ்டோருக்குத் தெரியும். கையத் தெரியும், பேரைத்தான் நம்ப மாட்டேன்னாங்க. உன் குரூப்புலயும் அதே கதைதான் நடக்குது. அட்டை சரியா இருக்கிறவன் வாயத் தொறப்பான், எழுத்துப் பெசகுன கெழவி சொல்லாமக் கொள்ளாம வெளிய போயிருவா. வேர் அழுகலப் பத்தி அவளுக்குத்தான் தெரியும்.

தானா வச்சுக்கிட்ட பேருக்கும் ஒரு கதை சொல்றேன். ஊவாகட்டவளைத் தோட்டத்துல 1934ல சந்தனசாமி ஜோசப்புன்னு ஒருத்தர் பொறந்தாரு. வேலை பாத்த தெளிவத்தைத் தோட்டத்தத் தன் பேரோட சேத்துக்கிட்டு, தெளிவத்தை ஜோசப்பா 'காலங்கள் சாவதில்லை' நாவல் எழுதினாரு. அவரு ஒளிஞ்சு எழுதல, அது வேற. ஆனா 2013ல தமிழ்நாட்டுல விஷ்ணுபுரம் விருது குடுத்தவங்க அட்டையப் பாத்தா குடுத்தாங்க? கதையப் படிச்சாங்க.

அட்டைய அனுப்புன்னு சொன்னியே, அதுல என்ன இருக்குன்னு பாத்தியா? பழைய அட்டையில ஒம்பது இலக்கமும் ஒரு எழுத்தும். மொத ரெண்டும் பொறந்த வருஷம், அடுத்த மூணும் அந்த வருஷத்துல எத்தனாவது நாளுங்கிறது. பொம்பளைன்னா அதோட 500 கூட்டிப் போட்டிருக்கும். பன்னெண்டு இலக்கத்துப் புது நம்பருலயும் அதே கணக்குத்தான், வருஷம் மட்டும் முழுசா இருக்கும். அட்டையில வீட்டு முகவரியும் இருக்கு. ஊருப் பொண்டுபுள்ளைக வயசும் விலாசமும் உன் கண்ணாடி வெடிச்ச போனுக்குள்ள! அத நீ பஸ்ஸுல விட்டுட்டு எறங்குனா?

தென் கொரியாக்காரன் உன்னவிடப் பெரிய அட்மின். 2007ல இருந்து, பெரிய இணையத்தளத்துல எழுதணும்னா நெசப்பேரை நிரூபிக்கணும்னு சட்டமே வச்சான். 2011ல அங்க ஒரு களவு நடந்துச்சு, 3.5 கோடிப் பேரு விவரம் போச்சு. மறு வருஷமே அவங்க அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாதுன்னு தள்ளிருச்சு.

களவாணிய என்ன பண்றதுன்னு கேப்ப. கேளு, நியாயம்தான். செடி விக்கிறேன்னு முன்காசு வாங்குறவன்கிட்ட பேரைக் கேளு, ஊரைக் கேளு, ஏலும்னா நேருலயே போயிப் பாரு. காசு கை மாறுற எடத்துல முகம் வேணும். அடுத்தவன் பேர்ல ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துனா 2024ஆம் வருஷத்து நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துலயே அது குத்தம், பொலிஸுக்குப் போ. கெட்ட வார்த்தை பேசுறவன மழைக்குருவின்னாலும் தூக்கு, மாரிமுத்துன்னாலும் தூக்கு. நான் பாத்த வரைக்கும் சொந்தப் பேருல வையிறவன்தான் கூட சத்தமா வையிறான்.

தேத்தண்ணி ஆறுது, குடி. குடிச்சிட்டு அந்தப் போன எடு. வந்து சேந்த அட்டைப் படத்தையெல்லாம் இங்கயே, என் கண்ணு முன்னால அழிச்சிரு. பொறவு அந்த மழைக்குருவிகிட்ட என் கொய்யாக் கன்னுல எல ஏன் சுருளுதுன்னு கேட்டுச் சொல்லு.