சாம்பல் உப்பு

சிம்பாங் ரெங்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். இருந்தும் பனையிலிருந்து உப்பு எடுக்கலாம் என்று சொன்னால், எண்ணெய் என்பதைத்தான் தாத்தா மாற்றிச் சொல்கிறார் என்று நினைக்கிறாள் என் பேத்தி. எனக்கோ அது அறுபது வருஷமாக நாக்கைவிட்டுப் போகாத ருசி.

அப்பாயி அந்த உப்பை ஒரு பழைய மைலோ டின்னில் வைத்திருந்தாள். பழுப்பாக, கட்டிதட்டி இருக்கும். மூடியைத் திறந்தாலே அடுப்புப் புகை வாசம் வரும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி, சீனியோடு உப்புக்கும் பங்கீடு வந்தபோது, பெனூட் பக்கம் ஆற்றோரம் குடியிருந்த ஒரு மலாய் மக்சிக்தான் அவளுக்கு வழி காட்டினாளாம். எங்கள் பக்கத்திலிருந்து போகிற பெனூட் ஆறு கடலில் சேருகிற இடத்துச் சேற்றில் நிப்பா பனை அடர்ந்து நிற்கும். ஓலையை அத்தாப்புக் கூரை பின்ன எடுத்துக்கொண்டு, அடிமட்டையைப் பிளந்து காயவைத்துக் கொளுத்துவார்கள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, தெளிந்த நீரை வற்றக் காய்ச்சினால் சட்டியின் அடியில் உப்பு பூக்கும். உவர்நீரில் கால் வைத்து நிற்கிற மரம், கடலைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டைக்குள் சேமித்து வைத்திருக்கிறது. சண்டை ஓய்ந்து, கடையில் உப்பு மலிந்த பிறகும் மக்சிக் வீட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு டின் வந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். மாங்காய்க் கீற்றில் அந்த உப்பைத் தொட்டு அப்பாயி வாயில் வைக்கும்போது, வேறு தின்பண்டம் உலகத்தில் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின், எட்டாத உயரத்தில், இருந்திருக்கும்.

எனக்கு எட்டு வயது இருக்கும், அறுபதுகளின் கடைசி, தோட்டத்தில் கித்தா மரங்களைச் சாய்த்து நட்ட செம்பனை குலை தள்ளத் தொடங்கியிருந்தது. வெட்டிப்போட்ட மட்டைகள் வரிசைக்கு வரிசை குவிந்து கிடப்பதைப் பார்த்து, அத்தனையும் உப்பு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். பள்ளி விட்டதும் லயத்துக்குப் பின்னால் ஒரு கட்டு மட்டையை எரித்து, அப்பாவின் பழைய வேட்டியில் சாம்பல் தண்ணீரை வடித்து, பொழுது சாயும்வரை காய்ச்சினேன். நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு, சவுக்காரம் கடித்தது போல. அப்பாயி சிரித்தாள். "அது கடலையே பாக்காத மரம்டா தம்பி, அதுக்கு ஏது உப்பு?" என்றாள். மிச்சத்தைக் கொட்டவில்லை, பாத்திரம் துலக்க எடுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது பாதி சரி. செம்பனைச் சாம்பலில் மிகுந்திருப்பது பொட்டாசியம். அந்த மரத்தின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில் அதே சாம்பலைக் கொண்டு சவுக்காரம் காய்ச்சுவார்கள். எங்கள் ஆலைகளிலும் வெறுங்குலையை எரித்து, சாம்பலை மரத்துக்கே உரமாகப் போட்டார்கள். அது போதாமல், கடல் தாண்டிக் கப்பலில் வந்த சிவப்புப் பொட்டாஷை அம்மா வாளி வாளியாகச் சுமந்து மரத்தடியில் இறைத்தாள். பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு உப்புதான். வேர்த்த கையில் பட்டால் எரியும். வீடு வந்ததும் விரலிடுக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, வலிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லாமல் சோறு போடுவாள்.

போன வருஷம் எனக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சோடியம் குறைந்த உப்பை வீட்டுச் சமையலில் சேர்க்கலாம், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்று 2025 ஜனவரியில் அது பரிந்துரைத்திருக்கிறது. என் சிறுநீரகம் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு டாக்டர் சம்மதித்தார். டவுன் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய பொட்டலத்தைத் திருப்பினேன்: பொட்டாசியம் குளோரைடு. அம்மாவின் கையை எரித்தது இப்போது என் ரசத்தில் கரைகிறது. அன்று அவளுக்கு ஒரு கையுறைகூட யாரும் கொடுக்கவில்லையே என்பதை நினைக்காமல் அந்த ரசத்தை என்னால் குடிக்க முடிவதில்லை.

நிப்பா உப்பு அழிந்துவிடவில்லை. சரவாக்கில் 'காராம் அப்போங்' என்ற பெயரில் இன்னும் காய்ச்சுகிறார்கள். கூச்சிங் போய்வந்த மகன் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தான். பிரித்ததும் லயத்து அடுப்பின் வாசம். தேடி எடுத்த ஒரு மைலோ டின்னில் கொட்டிவைத்தேன். எட்டாத உயரத்தில் அல்ல. பேத்தி மாங்காயில் தொட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்தாள்.

"தாத்தா, சாத்தே கடை வாசம்!"

இன்னொரு கீற்று நறுக்கச் சொன்னாள்.