நீச்சல் தெரியாதவனின் வாட்ச்

எனக்கு நீச்சல் தெரியாது. கோயில் குளத்தில்கூட மூன்றாம் படிக்குக் கீழே இறங்கியதில்லை. ஆனால் அறுபது வருஷத்துக்கு முன் கடலில் முக்குளிப்பவர்களுக்காகச் செய்த அலாரம் வாட்ச் ஒன்றைக் காட்டினால் போதும், அது எந்தக் காலத்தது, எந்த நாட்டில் விற்றது என்று சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். கல்யாண வீடுகளில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது அதனால்தான்.

தண்ணீருக்கடியில் அலாரம் எதற்கு என்கிறீர்களா? சிலிண்டரில் காற்று தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். கலங்கிய நீரில் முள் தெரியாது. மீன் பார்க்கிற சுவாரசியத்தில் மணி பார்க்கத் தோன்றாது. அதற்காக ஜெகர்-லெகூல்டர் நிறுவனம் 1959-இல் 'மெமோவாக்ஸ் டீப் சீ' என்ற வாட்சைக் கொண்டுவந்தது. செய்ததே ஆயிரத்துச் சொச்சம். ஐரோப்பாவில் விற்றதன் டயலில் முழுப்பெயர் இருக்கும். அமெரிக்காவில் விற்றதில் 'லெகூல்டர்' மட்டும். அமெரிக்கா போன நம் பையன்கள் பெயரைச் சுருக்கிக்கொள்வதற்கு முன்பே இந்த வாட்ச் சுருக்கிக்கொண்டுவிட்டது.

வல்கெய்ன் கம்பெனியின் அலாரம் வாட்சுக்கு 'கிரிக்கெட்' என்று பெயர். 1947-இல் வந்தது. பெயரைச் சொன்னால் நம்மவர்கள் ஸ்கோர் கேட்கிறார்கள். இது சில்வண்டு, சத்தம் அப்படி. அமெரிக்க ஜனாதிபதிகள் ட்ரூமனும் ஐசன்ஹோவரும் கட்டியிருக்கிறார்கள். 1961-இல் இதன் கடல் வடிவமான 'நாட்டிக்கல்' வந்தது. 300 மீட்டர் ஆழம் தாங்கும். மேலே வரும்போது எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் நின்று வர வேண்டும் என்ற அட்டவணையை டயலிலேயே அச்சடித்திருந்தார்கள். நம் பஞ்சாங்கத்தைத் தவிர அவ்வளவு சின்ன எழுத்தில் அவ்வளவு முக்கியமான விஷயத்தை நான் பார்த்ததில்லை.

அலாரம் வாட்சின் பின்மூடி மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டால் சத்தம் அமுங்கிப்போகும். 1960-களில் வந்த ஜெகர்-லெகூல்டரின் 'மெமோவாக்ஸ் போலாரிஸ்' வாட்சில் அதற்கொரு வழி செய்தார்கள்: வெளிமூடியில் வட்டமாக 16 ஓட்டைகள். படத்தைப் பார்த்த என் மனைவி, "இட்லித் தட்டு மாதிரி இருக்குங்க" என்றாள். மொத்தம் 1,714 செய்த ஒரு வாட்சைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று கோபம் வந்தது. பிறகு பார்த்தால், இட்லித் தட்டு மாதிரிதான் இருந்தது.

இவையெல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாத ஆழம். நான் வாங்கியது ஏழைகளின் அலாரம் வாட்ச். சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் ஊரில் ஏ. ஷில்ட் என்ற நிறுவனம் 'ஏஎஸ் 1475' என்ற மெஷினைச் செய்து விற்றது. அதை வாங்கிப் பல கம்பெனிகள் தத்தம் பெயரைப் போட்டுக்கொண்டன. மேல்சாவி அலாரத்துக்கு, கீழ்ச்சாவி நேரத்துக்கு. ஒரே மாவில் தோசை, ஊத்தப்பம், பணியாரம் என்று ஊற்றிய மாதிரி ஏகப்பட்ட வகைகள். அதில்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது.

இருட்டில் மின்னும் பூச்சு எதுவானாலும் நாம் ரேடியம் என்போம். 1960-களில் ரேடியத்தை விட்டு டிரிட்டியத்துக்கு மாறினார்கள். அதற்கு அடையாளமாக டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு 'டி' போடுவது வழக்கம். என் வாட்சில் இடது பக்கம் மட்டும் ஒரு 'டி' இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒற்றை 'டி' வகை! கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் ஆராய்ந்தேன். குறிப்புகளே நாற்பது பக்கம் வந்தன.

ஒருநாள் மனைவி எட்டிப் பார்த்தாள். வாசலில் தினமும் புள்ளிக் கோலம் போடுகிறவள். "ஏங்க, டயல்ல புள்ளியெல்லாம் பழுப்பா இருக்கு, முள்ளுல மட்டும் பச்சையா இருக்கே? முள்ளை மாத்தியிருக்காங்க. ஏழு மணிப் புள்ளியும் வரிசையில இல்ல, பாருங்க." அவள் பார்த்தது அரை நிமிஷம், அதுவும் லென்ஸ் இல்லாமல்.

வாட்ச் ரிப்பேர் கடைப் பெரியவரிடம் ஓடினேன். பின்மூடியைத் திறக்காமலே சொன்னார்: "பம்பாய்ல பெயின்ட் அடிச்ச டயல், தம்பி. பழுப்பும் அவன் பூசுனதுதான். அடிச்சவன் இன்னொரு 'டி'யை மறந்திருப்பான்." பழைய டயலைச் சுரண்டிப் புதிதாக எழுதி விற்பது அங்கே பெரிய தொழிலாம். என் நாற்பது பக்கமும் யாரோ ஒருவரின் மறதியைப் பற்றிய ஆராய்ச்சி.

இருந்தாலும் அதைத்தான் கட்டியிருக்கிறேன். வாஷர்கள் இற்றுப்போனதால் கை கழுவும்போதுகூடக் கழற்றி வைக்க வேண்டும். தூறல் விழுந்தால் என் தலைக்கு முன் அதற்குத்தான் கைக்குட்டை. நீச்சல் தெரியாதவனுக்கு நனையக் கூடாத வாட்ச். ஜாதகப் பொருத்தம் பிரமாதம். அதன் அலாரம் இப்போது இட்லி வேகும் கணக்குக்குப் பயன்படுகிறது. நீருக்குள் போகாவிட்டால் என்ன, நீராவிக்குப் பக்கத்திலாவது இருக்கிறது. முன்னே பின்னே ஐந்து நிமிஷம் தவறும். அதை இட்லியே காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முள்ளின் ரேடியமும் டயலின் ரேடியமும் ஒரே நிறமா என்று முதலில் பாருங்கள். உங்கள் கண்மேல் நம்பிக்கை இல்லையென்றால், வீட்டில் கோலம் போடுகிறவர்களிடம் காட்டிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.