பட்டவராயனுக்குச் செருப்பு, மருமவனுக்குப் பாஸு

வாரும் மருமவனே, வாரும். வெயில்ல வந்திருக்கீரு, மொதல்ல இந்த மோரைக் குடியும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயில் வாசல்லயே புதுக் கார்ல போய் இறங்கணும், செக்போஸ்ட்ல எவனும் மறிக்கக் கூடாது, அதுக்கு ஒரு பாஸ் எடுத்துத் தாரும் மாமான்னு கேக்கீரு. தாராளமாக் கேளும். இந்த வளவுல என் பேச்சைக் கோழி கூடக் கேக்காது. கலெக்டர் ஆபீஸ்ல கேப்பாங்கன்னு நீரு நம்புதீரு பாரும், அந்த வெள்ளை மனசைப் பாத்துதான் எங்க பொண்ணை உமக்குக் கட்டி வச்சோம்.

ஆனா முறையைத் தெரிஞ்சுக்கிடும். அமாவாசையை ஒட்டின நாட்கள்ல தனியார் வண்டி கோயில் இருக்கிற மலைக்கு மேல போகக் கூடாது. அகஸ்தியர்பட்டியில வண்டியைப் போட்டுட்டு, கவர்மெண்டு பஸ்ஸுல ஏறி, பாபநாசம், செக்போஸ்ட், முண்டந்துறைன்னு போய்க் காரையாத்துல இறங்கணும். இது ரகசியமும் இல்ல, புதுசும் இல்ல. வருசா வருசம் கூட்டம் போட்டுப் பேசி, பேப்பர்ல போட்டுச் சொல்லுதாங்க. அந்த மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டுல அறிவிச்ச மொதப் புலிக் காப்பகமே அதுதான், வருசம் 1988. உம்ம காருக்கு வயசு மூணு மாசம். இங்க யாருவே மொதல்ல வந்ததுன்னு புலி கேட்டா என்ன பதில் சொல்லுவீரு?

"சட்டம் சரிதான் மாமா, நாம ஒரு வண்டிதானே"ன்னு இழுக்கீரு. அதையேதான் வே எல்லாரும் சொல்லுதான். எல்லாரும் ஒரு வண்டியிலதான் வாரான். ஒருத்தனும் ரெண்டு வண்டியை ஓட்டிக்கிட்டு வரலை.

முன்னெல்லாம் லாரியும் டெம்போவுமாப் போய், குடில் போட்டுப் பத்து நாள் வரைக்கும் தங்கிக் கிடப்பாங்க. அப்ப ஒரு வருசம் மலை வளைவுல நான் பாத்த கூத்தைச் சொல்லுதேன். மேல ஏறுன வேனும் கீழ இறங்குன காரும் மூக்கோட மூக்கு முட்டி நிக்கி. ரெண்டு டிரைவரும் "நீ பின்னால எடு", "நீ எடு". ரெண்டு பேருக்குப் பின்னாலயும் வால் நீண்டு கிடக்கு, எடுக்க எங்க இடம்? பொம்பளைப் பிள்ளைக எல்லாம் இறங்கி ரோட்டோரத்துல உக்காந்துட்டாவ. வேன் சன்னல்ல தலைய நீட்டுன கிடா, எதிர்த்தாப்புல கார் மூஞ்சியில கட்டியிருந்த மாலையை எட்டிப் பிடிச்சு ஒவ்வொரு பூவாத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு கூட்டத்துலயும் நிம்மதியா இருந்தது அது ஒண்ணுதான். கோயிலுக்குச் சீக்கிரம் போய்ச் சேரணுங்கிற அவசரம் அதுக்கு இல்ல.

சிரிக்கீரு. மேல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா அந்த வளைவுல 108 எப்படி ஏறும்? மலையில திடீர்னு மழை கொட்டி ஆத்துல தண்ணி ஏறுனா, கரையில இருக்க கூட்டத்தை எந்த வழியா இறக்க? ஏறுறதுக்கும் அதே ரோடு, இறங்குறதுக்கும் அதே ரோடு.

பாபநாசம் அணைக்கு 143 அடின்னு ஒரு அளவு வச்சிருக்கான். நம்ம ஊருக்காரன் பல்லு தேய்க்கும்போதே இன்னைக்கு அணையில எத்தனை அடின்னு கேப்பான். அளவு மிஞ்சுனா ஆபத்துன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரோட்டுக்கும் அப்படி ஒரு அளவு உண்டு. அதைப் பாத்துத் திறக்கிற மதகுதான் இந்தப் பாஸு. அவனவன் தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு ஆளுக்கு ஒரு சாண் மதகைத் தூக்குனா, பொறவு அணை எதுக்கு?

சரி, பாஸ் எடுத்துத்தான் ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னா வழியும் சொல்லுதேன், கேட்டுக்கிடும். மொத வழி, காருக்கு முன்னால ஒரு கட்சிக் கொடி. எந்தக் கட்சின்னு கேக்காதீரும். எல்லாக் கொடியும் டிக்கியில கிடக்கட்டும், மறிக்கிறவர் மூஞ்சியைப் பாத்து எடுத்து மாட்டும். ரெண்டாவது வழி, உம்ம தாத்தாவை முன் சீட்டுல சாய்ச்சு வச்சு, நடக்க முடியாத மனுசன்னு சொல்லும். மேல போனதும் உமக்கு முந்தி அவரு ஆத்துல குதிச்சிரக் கூடாது, அதை மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போம். மூணாவது வழி, எவனோ வாங்குன பாஸைக் கலர் ஜெராக்ஸ் எடுக்கிறது. அது வேண்டாம். ஆத்தங்கரையில குடுக்க வேண்டிய தர்ப்பணத்தைப் போலீஸ் ஸ்டேசன் பெஞ்சுல உக்காந்து குடுக்கிற மாதிரி ஆயிரும்.

அது கிடக்கட்டும், அங்கன யாரைக் கும்பிடப் போறீருன்னு நெனைச்சுப் பாத்தீரா? பட்டவராயன் சந்நிதியில செருப்பாக் கிடக்குமே, கண்டிருக்கீரா? தோல் செருப்பு, புதுசு, எல்லாம் நேர்ச்சை. அந்தப் பட்டவராயன்தான் வில்லுப்பாட்டுல வர்ற முத்துப்பட்டன். பிராமணக் குடியில பிறந்தவன், செருப்புத் தைக்கிற குடியில பொம்மக்கா, திம்மக்கான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஆசைப்பட்டுக் கேட்டான். அதுக்காகப் பூணூலை அறுத்தான், மாமனார் தொழிலைக் கையில எடுத்துச் செருப்புத் தைச்சான். கடைசியில மாடு களவாங்க வந்தவனுகளோட மல்லுக்கட்டிச் செத்தான். நீரும் கேட்டிருப்பீரு. மாமனார் சொல்லைக் கேட்ட மருமவனுக்குக் கோயிலே கட்டியிருக்காங்க, அதையும் ஓர்மையில வையும்.

நான் சொல்ல வந்தது செருப்பை. இந்த வருசம் போட்ட செருப்பை அடுத்த வருசம் திருப்பிப் பாத்தா அடி தேஞ்சு கிடக்கும், பட்டவராயன் அதைப் போட்டுக்கிட்டுக் காட்டைச் சுத்தி வாரான்னு சனங்க நம்பிக்கை. சாமியே நடக்கான், வே! அவனைப் பாக்கப் போற உமக்கு ஏசி வேணும். செருப்புக்குப் பதிலா நாலு டயர் வாங்கிப் போடுறதா நேந்துக்கிட்டீரோ? கட்டுன மணியை எல்லாம் முழுங்குற இலுப்பை மரமும் அங்கன நிக்கி. அது காரு ஹாரனையும் முழுங்குச்சுன்னா நானே பொங்கல் வைக்கேன்.

இன்னொண்ணும் கேளும். சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதி, ஆடி அமாவாசைக்கு ராஜ உடுப்புல அந்தக் கோயில்ல உக்காந்து காட்சி குடுப்பாரு. முடி சூட்டுன கடைசி ஜமீன்தாருன்னு சனம் முண்டியடிச்சுப் பாக்கும். 2020 மே மாசம் அவரும் போய்ச் சேந்துட்டாரு. மலையில ஒரு ராஜா இருந்தப்பக் கூட்டம் ஒதுங்கி வழி விட்டுது. இப்பக் கண்ணாடியில பாஸ் ஒட்டுனவன் எல்லாம் ராஜா. எந்த ராஜா எந்த ராஜாவுக்கு ஒதுங்குவான்?

இது நம்ம ஊரு வம்பு மட்டும்னு நெனைச்சிராதீரும். கும்பமேளாவைப் பாரும். 2025 ஜனவரி 29, நமக்குத் தை அமாவாசை, வடக்க உள்ளவங்களுக்கு மௌனி அமாவாசை. நெரிசல்ல சிக்கி 30 பேர் செத்ததா அரசாங்கமே சொல்லிச்சு. அதுக்குப் பொறவுதான் மேளா நடக்கிற இடத்துல வண்டியே கூடாதுன்னும், விஐபி பாஸ் எல்லாம் ரத்துன்னும் உத்தரவு போட்டாங்க. முந்தின வாரமே போட்டிருக்கலாம்லா? ஊட்டிக்கு ஐகோர்ட் சொல்லி 2024 மே 7-லேருந்து இ-பாஸ். எண்ணாமக் குடுத்தா அது பாஸ் இல்ல, நோட்டீஸுன்னு தெரிஞ்சு, 2025 ஏப்ரல்ல கணக்கு வச்சாங்க: சாதாரண நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000. சபரிமலையில 2018 வெள்ளத்துக்குப் பொறவு நிலக்கல்ல வண்டியைப் போட்டுட்டு, கேரளா பஸ்ஸுலதான் சனம் பம்பைக்குப் போச்சு. ஆறு ஐயப்பன் கோயில்ல நம்ம சொரிமுத்தையனார் கோயிலைத்தான் மூலாதாரம்னு சொல்லுதாங்க. அங்க பஸ்ஸுல போன அதே சாமி, இங்க வந்ததும் காரை விட்டு இறங்க மாட்டேன்னா என்ன நியாயம்?

உம்மை மட்டும் வையுறேன்னு நெனைக்காதீரும், அதிகாரிமாருக்கும் ரெண்டு வார்த்தை வச்சிருக்கேன். காரை மறிச்சாப் போதாது, பஸ்ஸு வரணும். ஏறும்போது கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா வரும். இறங்கும்போது ஒண்ணாத் திரளும். கைப்பிள்ளைக்காரி நடுக்காட்டுல பஸ்ஸுக்குக் காத்து நின்னா, அடுத்த வருசம் அவ புருசன் பாஸுக்கு ஆள் பிடிக்கத்தான் செய்வான். கிடாவையும் அண்டாவையும் அரிசி மூட்டையையும் கண்டக்டர் மடியிலயா வைக்க முடியும்? சாமான் ஏத்த லாரியைத் தனியா விடணும். அகஸ்தியர்பட்டியில வெயிலுக்குக் கொட்டகை, பொம்பளைகளுக்குக் கக்கூசு, குடிக்கத் தண்ணி. இதெல்லாம் ஒழுங்கா இருந்தா நம்ம சனம் பஸ்ஸுல போறதுக்கு மொனங்கவே மொனங்காது. தனக்கு முந்தி ஒரு பாஸ் வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டு ஏறுறதைப் பாக்கும்போதுதான் வயிறு எரியும்.

அதுக்கு என்கிட்ட ஒரு மருந்து இருக்கு, செலவு ஒரு டப்பா பெயிண்டு. குடுக்கிற பாஸை எண்ணிக் குடுங்க. மொத்தம் எத்தனை, எந்த வண்டிக்கு, என்ன காரணத்துக்குன்னு, பஸ்ஸுக்கு வரிசையில நிக்கிற சனம் படிக்கிற மாதிரி அகஸ்தியர்பட்டியில பெரிய போர்டா எழுதி வைங்க. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, தண்ணி லாரி, குப்பை அள்ளுற வண்டி, நெசமாவே நடக்க முடியாதவங்களுக்கு நாலு வேன். இதைப் படிச்சா எவனும் கேள்வி கேக்க மாட்டான். அதுக்குக் கீழ "இன்னாரோட மச்சினன், புதுக் காரு"ன்னு எழுத எந்த அதிகாரிக்கும் கை வராது. எழுதுனாலும், வரிசையைக் கடந்து போக அந்த மச்சினனுக்குக் கால் வராது. பாதிப் பாஸு அங்கனயே ஒழிஞ்சிரும்.

அதனால மருமவனே, அகஸ்தியர்பட்டி வரைக்கும் உம்ம காரு, அதுக்கு மேல கவர்மெண்டு காரு. அது கொஞ்சம் நீளமா இருக்கும், அம்பது பேரு கூட வருவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். காலையிலயே கிளம்பும். பாலித்தீன் பையைக் கையில எடுக்காதீரும், கட்டுன வேட்டியை ஆத்துல விட்டுட்டு வராதீரும். அந்தப் போர்டுல பேரு வர்ற அளவுக்கு உம்ம உடம்புக்கு ஒருநாளும் ஒண்ணும் வந்திரக் கூடாதுன்னு ஐயனாரை நான் வேண்டிக்கிடுதேன்.