தவறாமல் அனுப்பவும்: கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிச் சுற்றறிக்கைகள் குறித்த ஓர் ஆய்வு

கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள் பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. தொல்காப்பியருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தார்களா என்று தெரியாத நிலையில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆகவே நானே இறங்கிவிட்டேன். ஆய்வுக் களம், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் புத்தகப்பை. தரவுகள், அதன் அடியில் கசங்கிக் கிடந்த தாள்களும் அவளுடைய டைரியும். சில தாள்களில் தயிர்சாதம் பட்டிருந்ததால் பாடபேதங்கள் உண்டு. ஆய்வு நெறி கருதிப் பள்ளியின் பெயரை மறைத்திருக்கிறேன். அவள் இன்னும் மூன்று வருடம் அங்கே படிக்க வேண்டும்.

முதலில் தொன்மை. அதை நிறுவாமல் அடுத்த பத்திக்குப் போவது தமிழாய்வு மரபல்ல. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. அன்றிக்கே அடிகளார் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த 16 பக்க ஞானோபதேசம் அது. முத்துக்குளித்துறைக் குடும்பங்கள் எதை மனப்பாடம் செய்ய வேண்டும், எதை மறக்கக் கூடாது என்று சொல்வதே அதன் வேலை. ஆக, தமிழ் எழுத்தில் அச்சு மை பட்ட முதல் தாளே கத்தோலிக்கக் குடும்பங்களுக்கான நினைவூட்டல்தான். ‘பருவக் கட்டணம் 10ஆம் தேதிக்குள்’ என்று என் மகள் கொண்டுவரும் தாள் அந்த வம்சத்தின் கடைக்குட்டி. ‘தம்பிரான் வணக்க’த்தின் பிரதி ஒன்று இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நானூறு வருடத்துக்கு மேல் அது தப்பிப் பிழைத்ததற்கு ஒரே காரணம், யாரும் அதை இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, “வீட்டில் காட்டு” என்று சொல்லாததுதான்.

அடுத்து இலக்கணம். இங்கேதான் ஆய்வாளனுக்கு உண்மையான விருந்து. சுற்றறிக்கையின் உயிர் அதன் வினைமுற்றில் இருக்கிறது: அனுப்பவும், வரவும், கையொப்பமிடவும். பழைய இலக்கணக்காரர்கள் ‘க’, ‘இய’, ‘இயர்’ என்று முடித்த வியங்கோளுக்கு இன்று வாரிசாக நிற்பது இந்த ‘வும்’. வியங்கோள் இருதிணை, ஐம்பால், மூவிடம் அனைத்துக்கும் பொது என்கிறது நன்னூல் மரபு. விளைவைப் பாருங்கள். ‘பிரவுன் ஷீட் போட்டு லேபிள் ஒட்டி அனுப்பவும்’ என்று வருகிறது. அனுப்ப வேண்டியது அப்பாவா, அம்மாவா, பாட்டியா? ஐம்பாலுக்கும் பொது. அம்மா, அப்பா செய்துவிட்டார் என்று நினைக்கிறாள். அப்பா நினைக்கவே இல்லை. பாட்டி மட்டும் லேபிளில் பெயர் எழுதத் தொடங்கி, நாற்பது வருடத்துக்கு முன் படித்த தன் மகனின் பெயரை எழுதிவிடுகிறாள்.

உண்டியல், கட்டணம் போன்ற கூச்சமான காரியங்களில் ‘வும்’ போதாது. ‘அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்று செயப்பாட்டு வினை வந்துவிடும். கேட்பவர் யார் என்று கடைசிவரை தெரியாது. சிஸ்டரும் கேட்கவில்லை, தாளாளர் ஃபாதரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள், அவ்வளவுதான். இப்படியே இரண்டு முறை கேட்டுக்கொள்ளப்பட்ட பிறகு ‘இதுவே இறுதி நினைவூட்டல்’ என்ற தாள் வரும். என் சேகரிப்பில் ஒரே பருவக் கட்டணத்துக்கு மூன்று இறுதிகள் இருக்கின்றன.

வீரமாமுனிவரைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமை பெறாது. கொம்பைச் சுழித்து எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துக் கொடுத்தவர் அவர். அந்தச் சுழியின் அருமை எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது. டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். டீச்சர் கரும்பலகையில் எழுதியதை என் மகள் டைரியில் இறக்கியிருந்தாள்: ‘கோடி நாள் பணம் நாளை கொண்டு வரவும்.’ இரண்டு நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு பத்து ரூபாய் கொடுத்தனுப்பினேன். கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் செய்து வைத்த சீர்திருத்தம், கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் பென்சிலில் தோற்றுப்போன வரலாறு இது.

இனி காலக்கணக்கு. ஒரு தொடக்கப் பள்ளிச் சுற்றறிக்கைக்கு எத்தனை எஜமானர்கள்! தேர்வுத் தேதியைக் கல்வித்துறை தீர்மானிக்கிறது. மழை லீவு மாவட்ட ஆட்சியர் கையில். மற்றவை எல்லாம் நிலாவின் பொறுப்பு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் திருநீற்றுப் புதன், பாட்டி பாஷையில் விபூதிப் புதன். அது பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். 2025இல் மார்ச் 5, 2026இல் பிப்ரவரி 18. பெற்றோருக்கு மட்டும் அது எப்போதும் நாளைக்குத்தான். பௌர்ணமியைப் பல நூற்றாண்டுக்கு முன்கூட்டியே கணித்து வைத்திருக்கும் திருச்சபையின் பள்ளி, தாளை முதல் நாள் மாலை அனுப்புவது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. என் கருதுகோள்: பள்ளி சரியான நாளில்தான் அனுப்புகிறது. தாள் பைக்குள் தவக்காலம் இருந்துவிட்டு வருகிறது.

அனைத்துப் புனிதர் நாளன்று இதை நேரில் கண்டேன். நவம்பர் 1க்குப் பிள்ளைகள் புனிதர் வேடமிட்டு வர வேண்டும். இரவு எட்டே முக்காலுக்கு, பல் தேய்த்துக்கொண்டே, “அப்பா, நாளைக்கு நான் குழந்தை தெரேசா” என்றாள். ரோஜாப்பூ வேண்டும். கடையில் சாமந்திதான் இருந்தது. இதைவிடப் பெரிய சோதனை எதிர்வீட்டுப் பையனுக்கு. அவன் தேவசகாயம் பிள்ளை. 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர் 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டார். விலங்கிட்ட கைகளோடுதான் அவரைப் படங்களில் பார்க்கிறோம். எதிர்வீட்டுக்காரர்கள் அம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுப்பவர்கள். ஆனாலும் அந்த அம்மாவுக்குப் புனிதர் வரலாறு என்னைவிட நன்றாகத் தெரியும், டைரியை ஒழுங்காகப் படிப்பவர். “சார், சங்கிலி இருக்கா?” என்று வந்தார். கடைசியில் அவர்கள் வீட்டு நாய் அன்றிரவு சுதந்திரமாகத் தெருவில் திரிந்தது. தேவசகாயத்தின் சொந்தத் திருநாள் ஜனவரி 14. அது பொங்கல் விடுமுறையில் போய்விடுகிறது. நாய்க்கு அந்த மட்டில் நிம்மதி.

வாட்ஸ்அப் குழு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் பள்ளி மட்டுமே பேச முடியும். பெற்றோர் பேசுவதற்குப் பள்ளி இல்லாத இன்னொரு குழு இருக்கிறது. அதில் தினமும் கேட்கப்படும் கேள்வி, “நாளைக்கு என்ன கலர் டிரஸ்?”

இந்தக் கட்டுரையை முடிக்கும் தறுவாயில் பையிலிருந்து இன்னொரு தாள் கிடைத்தது. ‘வீட்டிலுள்ள பழைய குருத்தோலைகளைச் சாம்பலுக்காகக் கொடுத்தனுப்பவும்.’ மாதா படத்துக்குப் பின்னால் சென்ற வருடம் செருகி வைத்தது, சிலுவையாக மடித்தபடியே காய்ந்திருந்தது. பாட்டி தூசி தட்டிக் கொடுத்தாள். அனுப்பினோம். புதன்கிழமை மாலை அந்த ஓலை என் மகளின் நெற்றியில் திரும்பி வந்தது. கையில் ஓர் அட்டை உண்டியல், தவக்காலத்துக்கு. அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

‘குருத்தோலை ஞாயிறுக்குள் தவறாமல் நிரப்பி அனுப்பவும்.’

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பாட்டியைப் பார்த்தாள்.