பழைய மில்லிங் மிஷினும் பெரியதாழை உப்புக்காற்றும்: வாங்குவோர் கையேடு

பெரியதாழையில் மில்லிங் மிஷின் வாங்க நினைப்பவருக்கு உண்மையில் வேண்டியது மிஷின் அல்ல. படகு இன்ஜின் ஷாஃப்ட்டில் கீ உட்காரும் பள்ளமான கீவே தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வெட்ட ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனால், "நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்கிறார்கள். நாளைக்கும் அதையே சொல்கிறார்கள். அந்தக் கோபத்தில் பிறக்கும் முடிவுதான் இது. ஆகவே முதல் விதி: கோபம் ஆறுவதற்குள் வாங்கிவிடுங்கள். ஆறிவிட்டால் கணக்குப் பார்க்கத் தோன்றும். கணக்குப் பார்த்தவர்கள் யாரும் மிஷின் வாங்கியதில்லை.

பணத்தைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போங்கள். கூடவே விஷயம் தெரிந்த மெக்கானிக் யாரையும் கூட்டிப் போகாதீர்கள். வழியெல்லாம் அறிவுரை சொல்வார். பழைய மிஷின் கடையில் பத்துப் பதினைந்து மிஷின்கள் வரிசையாக நிற்கும். பெயின்ட் பளபளக்கும் மிஷினை உடனே தேர்ந்தெடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டினால் இன்னும் நல்லது, உங்களுக்காகவே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "காலேஜுல நின்ன மிஷினுங்க, ஓட்டவே இல்லீங்க" என்பார் புரோக்கர். ஓட்டாத அந்த மிஷினின் டேபிளைப் பாருங்கள். பல்லாங்குழிப் பலகை மாதிரி டிரில் துளைகள் இருக்கும். துளை போடுகிறவன் அடியில் கட்டை வைக்காமல் போட்டதன் அடையாளம் அது. டேபிளையே அப்படி நடத்தியவன் ஸ்பிண்டிலை எப்படி நடத்தியிருப்பான் என்ற கேள்வி வரும். வந்தால் டீ குடித்து அதை அடக்கிவிடுங்கள்.

சோதனை செய்யாமல் வாங்குவதுதான் மனசுக்கு நல்லது. ஆனாலும் சில பிடிவாதக்காரர்கள் டயல் கேஜோடு வந்து நிற்கிறார்கள். அவர்கள் செய்வது இதுதான். டேபிளை நடுவில் நிறுத்தி, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்க்கிறார்கள். டேபிள் நகராமல் கைப்பிடி மட்டும் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு பேக்லாஷ். பிறகு டேபிளை ஒரு கோடிவரை ஓட்டுகிறார்கள். நடுவில் லொடலொடவென்று ஓடியது கோடியில் இறுகும். காரணம் எளிது: எல்லோரும் வேலையை டேபிளின் நடுவில்தான் கட்டுகிறார்கள், அதனால் ஸ்குரூவும் சிலைடும் நடுவில் மட்டும் தேய்கின்றன. நடுவில் ஆடுகிறதே என்று, சிலைடின் இடைவெளியைச் சரிசெய்யும் கிப்பை இறுக்கினால் கோடியில் சிக்கிக்கொள்ளும். கோடிக்குத் தகுந்தபடி தளர்த்தினால் நடுவில் ஆடும். இந்த நோய்க்கு ஸ்குரூவை மாற்றி, சிலைடை ஸ்கிரேப் பண்ணுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. அதற்கு ஆகும் செலவைச் சொல்லி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

பிடிவாதக்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள். எல்லா ஸ்பீடிலும் ஓட்டிக் கியர் சத்தத்தைக் கேட்பார்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு ஸ்பிண்டில் தலையில் கையை வைப்பார்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போய்விட்டது என்று கிளம்பிவிடுவார்கள். கடைக்காரருக்கு இவர்களைப் பிடிக்காது. நீங்கள் அப்படி இல்லை.

எந்த மிஷின் என்று கேட்கிறீர்களா? 1953இல் பெங்களூரில் தொடங்கிய ஹெச்.எம்.டி., அதே ஊரில் 1961இல் வந்த பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர் இரண்டின் பழைய மிஷின்களும் இன்னும் உழைக்கின்றன. ஆனால் ஹெச்.எம்.டி.யின் எஃப்.என்.2 எடை இரண்டு டன்னைத் தாண்டும். அது உங்கள் பட்டறைக்கு ஏற்ற சின்ன மிஷின் அல்ல. உங்களுக்குத் தோதானது எம்1டிஆர் எனப்படும் டர்ரெட் வகை. அமெரிக்காவில் 1938இல் வந்த பிரிட்ஜ்போர்ட் மிஷினின் வழிவந்தது. தலையைச் சாய்க்கலாம், திருப்பலாம். எடை ஏறத்தாழ ஒரு டன். மில்லிங் மிஷினில் இப்படி எல்லாப் பக்கமும் வேலை செய்யலாம் என்ற யோசனையே டிரில் பிட்டின் முறுக்குப் பள்ளத்தை வெட்ட வழி தேடியதில் பிறந்ததுதான். 1862இல் ஜோசப் பிரவுன் செய்த யுனிவர்சல் மிஷின் அதற்காக வந்தது. ஒரு சின்ன எரிச்சல் பெரிய இரும்பாக முடிவது உங்களோடு தொடங்கவில்லை.

விலை பேசி முடித்த பிறகுதான் "வைஸ் வராதுங்களா?" என்று கேளுங்கள். முன்னதாகக் கேட்டால் பேரம் நடந்துவிடும். வைஸ், காலெட், டிராபார், கிளாம்பு, டி-நட் எல்லாம் தனி விலை. டிராபார் இல்லாமல் காலெட் நிற்காது, காலெட் இல்லாமல் கட்டர் நிற்காது. மிஷினுக்குக் கொடுத்ததைவிட அதன் கூட்டாளிகளுக்குக் கொடுத்தது அதிகம் என்று பட்டறைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஏற்றி வருவதற்குக் குட்டி யானையைப் பிடியுங்கள். அதன் சுமை திறன் 750 கிலோ, மிஷின் ஒரு டன் என்பதெல்லாம் காகிதக் கணக்கு என்று டிரைவர் தைரியம் சொல்வார். மிஷினின் கனமெல்லாம் மேலே இருக்கிறது. டேபிளைத் தாங்கும் 'நீ' என்ற பாகத்தை அடிவரை இறக்கி, தலையைத் தாங்கும் ராமைப் பின்னுக்குத் தள்ளி, தலையைக் கவிழ்த்து, நாலு பக்கமும் கட்டிக் கொண்டுவருபவர்கள் உண்டு. பெரிய வண்டியும் கிரேனும் பிடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சாகசம் பிடிக்காது.

ஊருக்கு வந்தாயிற்று. மணல் தரையில் நேராக இறக்கிவிடுங்கள். கான்கிரீட் போடச் சொல்பவர்கள் சிமென்ட் கடைக்காரருக்கு வேண்டியவர்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மாசத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். மின்சாரம் த்ரீ ஃபேஸ் வேண்டும். சுவிட்சைப் போட்டதும் கட்டர் எதிர்த்திசையில் சுற்றினால் மிஷினைத் திட்டாதீர்கள். மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். இந்தக் கையேட்டில் ஒரு பைசா செலவில்லாத குறிப்பு இது ஒன்றுதான்.

இனி மணல். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரியதாழைக் கரையில் கிடப்பது சாதாரண மணல் அல்ல. இல்மனைட், கார்னெட் கலந்த தாது மணல். தாது மணல் அள்ளுவதை அரசு 2013இல் தடைசெய்தது; ஆடி மாதத்து மேல்காற்றுக்கு அந்த ஆணை போய்ச் சேரவில்லை. அது தினமும் ஒரு பிடி அள்ளி உங்கள் மிஷின் மேல் தூவும். கார்னெட் என்பது சாணைக்கல் சாதி. வாட்டர்ஜெட் மிஷின்களில் தண்ணீரோடு அதைப் பீய்ச்சித்தான் இரும்புத் தகட்டை வெட்டுகிறார்கள். அந்த மணல் படிந்த சிலைடின் மேல் நீங்கள் அன்போடு ஆயில் விட்டீர்களானால், லேப்பிங் பேஸ்ட் தயார். டேபிளை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மிஷின் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். துடைத்துவிட்டு ஆயில் விட வேண்டும், ஆயில் விட்டுவிட்டுத் துடைக்கக் கூடாது. இந்த வரிசை தெரியாமல் தேய்ந்துபோன மிஷின்களைத்தான் பெயின்ட் அடித்து விற்கிறார்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்பவர்கள் மணலை வெளியே தள்ளுவதாக நினைக்கிறார்கள். அது சிலைடுக்கு உள்ளேதான் போகிறது. பிரஷ் போதும்.

எந்த ஆயில் என்று வீட்டில் கேட்டால் தேங்காய் எண்ணெய் தருவார்கள். நாள்பட்டால் அது காறி அமிலமாகும். படகு இன்ஜினில் வடித்த பழைய ஆயிலும் வேண்டாம். கரியும் அமிலமும் அதில் ஏராளம். சிலைடுவே ஆயில் 68 என்று கேட்டு வாங்குங்கள்.

துருவுக்கு வருவோம். வியர்த்த கையால் தொட்ட இடத்தில் மறுநாள் காலையில் உங்கள் ரேகை சிவப்பாகப் பதிந்திருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் இங்கே மழை பெய்யாமலே இரும்பு நனைகிறது. தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடுவது பரவலான பழக்கம். உள்ளே அடைபட்ட ஈரம் விடிய விடிய வேலை பார்க்கும். எண்ணெய் தடவி, பருத்தித் துணியால் மூடி, உள்ளே ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிடுங்கள். இரும்பு காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் பனி படியாது. கரன்ட் பில்லைப் பார்த்து வீட்டில், "ஏலே, மிஷினுக்கு இருட்டுன்னா பயமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டாம்.

ஒருவழியாக முதல் வேலை. 25 மில்லிமீட்டர் எஸ்.எஸ். ஷாஃப்ட், 8 மில்லிமீட்டர் அகலக் கீவே, 4 மில்லிமீட்டர் ஆழம். ஹை ஸ்பீடு ஸ்டீல் கட்டர் என்றால் நிமிடத்துக்கு 600 சுற்றுப் போதும். கட்டரை வெட்டவிடாமல் தேய்த்துக்கொண்டே நிறுத்தினால் எஸ்.எஸ். அந்த இடத்தில் இறுகிவிடும், கட்டர் முனை போய்விடும். பேக்லாஷ் இருக்கிற மிஷினில் அளவுக்கு எப்போதும் ஒரே பக்கமிருந்து வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள்.

அந்தக் கீவே சரியாக அமைந்துவிட்டால் ஊர் முழுக்கச் செய்தி பரவும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஷாஃப்ட் ஞாபகம் வரும். "அண்ணே, ரெண்டு நிமிச வேலைதான்" என்று நிற்பவர்களில் பாதிப் பேர் மச்சான் முறை, மீதிப் பேர் மாமா முறை. கூலியாகச் சாளை வரும்.

வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கீவேதான் வேண்டும் என்றால் மிஷின் வாங்காதீர்கள். பஸ் ஏறித் தூத்துக்குடிக்கே போங்கள். ஊர்ப் படகுகள் எல்லாவற்றுக்கும் கூலிக்கு வெட்டித் தரப் போகிறேன் என்பவர் மட்டும் வாங்கலாம். அவரும் டயல் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு, விஷயம் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.